சாம் லாங்போர்டுக்குச் சேர வேண்டிய பாக்கி

(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குத்துச்சண்டைக்காரரைப் பற்றி. ஆலையிலும் வயலிலும் பாடுபட்டுவிட்டு, உடம்பு அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது தன் இரண்டு கைகளை நம்பிப் பிழைத்த ஒரு மனிதரின் கதை. அந்தக் கைகளுக்கு உரியதை யார் மறுத்தார்கள், எப்படி மறுத்தார்கள் என்ற கதை. ஆகவே இதில் உங்களுக்குப் புரியாதது எதுவும் இருக்காது.

அவர் பெயர் சாம் லாங்போர்டு. கருப்பு இனத்தவர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். உலக ஹெவி வெயிட் சாம்பியன்களின் பட்டியலை எடுத்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படியுங்கள். அவர் பெயர் இருக்காது. ஆனால் 2003-ல் 'தி ரிங்' என்ற பிரசித்தி பெற்ற குத்துச்சண்டைப் பத்திரிகை, உலகம் கண்ட பலமான குத்துக்காரர்கள் 100 பேரை வரிசைப்படுத்தியது. முதலிடம் ஜோ லூயிக்கு. இரண்டாவது இடம் யாருக்கு? சாம்பியன் பட்டமே பெறாத இந்த லாங்போர்டுக்கு!

பட்டப் பட்டியலில் இடமே இல்லை. பலத்தின் பட்டியலில் இரண்டாம் இடம். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? இதைத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

தரை கூட்டிய கை

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வேமவுத் பால்ஸ் என்ற சிறு கிராமம். அமெரிக்கச் சுதந்திர யுத்தம் நடந்தபோது, 'எங்கள் பக்கம் வாருங்கள், விடுதலை தருகிறோம், நிலம் தருகிறோம்' என்று அடிமைகளைப் பார்த்துப் பிரிட்டிஷார் சொன்னார்கள். அதை நம்பிப் போன கருப்பர்கள் குடியமர்ந்த இடங்களில் இந்தக் கிராமமும் ஒன்று. அங்கே 1883-ல் சாம் பிறந்தார். 1886 என்று எழுதுவோரும் உண்டு.

தகப்பனாரின் அடி பொறுக்கமாட்டாமல் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடினார். மாடு ஓட்டினார், மரம் வெட்டும் இடத்தில் கூலி வேலை செய்தார், கப்பலில் எடுபிடியாக இருந்தார். கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வந்து சேர்ந்தார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஜோ வுட்மன் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கிளப்பும் நடத்திவந்தார். அந்தக் கிளப்பில் தரை கூட்டும் வேலை சாமுக்குக் கிடைத்தது. தரை கூட்டிய பையன் ஓய்ந்த நேரத்தில் மற்றவர்களுக்குப் பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கினான்; பிறகு திருப்பி அடிக்கவும் கற்றுக்கொண்டான். 1902 வாக்கில் பணத்துக்குச் சண்டை போடத் தொடங்கினார். வுட்மனே மானேஜர் ஆனார்.

குத்து எங்கிருந்து வருகிறது?

இந்தச் சண்டையில் ஆட்களை எடைக்குத் தக்கபடி வகை பிரிப்பார்கள். லைட் வெயிட் என்றால் சுமார் 135 பவுண்டு. எடைக்கு மேல்வரம்பே இல்லாத உச்ச வகைதான் ஹெவி வெயிட். பணமும் புகழும் அங்கேதான் அதிகம். லாங்போர்டு லைட் வெயிட்டாகத் தொடங்கினார். உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம். நன்றாகச் சதை போட்ட காலத்திலும் 180 பவுண்டைச் சுற்றித்தான் இருந்தார். 200 பவுண்டுக்கும் மேற்பட்ட ஆட்களோடு அவர் மோதினார். அவர்களை வீழ்த்தவும் செய்தார்.

எப்படி முடிந்தது? மூட்டை தூக்குகிறவருக்கு இது தெரியும். கைப்பலத்தால் மட்டும் மூட்டை ஏறாது. குதிகால் தரையில் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், அந்த வேகம் தோள் வழியாகக் கைக்கு வர வேண்டும். மண்வெட்டி பிடிக்கிறவரும் இப்படித்தான் வெட்டுகிறார். குத்தும் இதே கணக்குத்தான். லாங்போர்டுக்கு அகன்ற தோள். உயரத்துக்கு மிஞ்சிய நீளக் கை. கையைப் பின்னால் வீசி ஓங்கிக் குத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எதிரியை நெருங்கி, சாண் தூரத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்குவார். இடது கையும் வலது கையும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை.

பதிவான சண்டைகள் மட்டும் 250-க்கு மேல். அவற்றில் 120-க்கு மேற்பட்டவற்றில் எதிரி எழுந்திருக்க முடியாமல் தோற்றார்.

1903 டிசம்பர் 8-ல், லைட் வெயிட் உலக சாம்பியனான ஜோ கான்ஸை 15 ரவுண்டில் வென்றார். எடை வரம்பு மீறியிருந்ததால் பட்டம் கைமாறவில்லை. கான்ஸ் முந்தின நாள்தான் வேறொரு சண்டை போட்டு வந்தவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறு வருடம் வெல்டர் வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டோடு 15 ரவுண்டு சண்டை, முடிவு சமம். சமம் என்றால் பட்டம் பழையவரிடமே தங்கிவிடும். பட்டத்துக்கு மிக அருகில் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

நிறக்கோடு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்கக் குத்துச்சண்டையில் 'நிறக்கோடு' என்று ஒன்று இருந்தது. அது சட்டப் புத்தகத்தில் எழுதிய விதி அல்ல. ஆனால் சட்டத்தைவிடக் கண்டிப்பாக நடந்தது. ஹெவி வெயிட் சாம்பியன் வெள்ளையனாகவே இருக்க வேண்டும். கருப்பனோடு அவன் பட்டத்துக்குச் சண்டை போடக்கூடாது என்பதே அதன் சாரம். ஜான் எல். சலிவன் என்ற சாம்பியன் 1892-ல் இதைப் பகிரங்கமாகவே அறிவித்தார். பின்னால் வந்த ஜெப்ரீஸும் சாம்பியனாக இருந்த வரையில் அதே வழியில் நடந்து, 1905-ல் தோல்வி காணாதவர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றார். யாரோடு மோதாமல் அந்தப் பெயரைக் காப்பாற்றினார் என்பதைப் பட்டியல் சொல்லாது!

அந்தக் கோட்டை முதலில் தாண்டியவர் ஜாக் ஜான்சன் என்ற கருப்பு வீரர். 1908 டிசம்பர் 26-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை அடித்துப் பட்டத்தைப் பிடித்தார். பர்ன்ஸ் ஏன் சம்மதித்தார்? மனம் திருந்தியா? இல்லை. ஹ்யூ மக்கின்டோஷ் என்ற பந்தய முதலாளி அவருக்கு 30,000 டாலர் கொடுத்தார். ஜான்சனுக்குக் கொடுத்தது 5,000 டாலர். தோற்ற வெள்ளையருக்கு ஆறு பங்கு, வென்ற கருப்பருக்கு ஒரு பங்கு! இதுதான் அந்தச் சந்தையின் தராசு.

ஒரு கருப்பர் சாம்பியன் ஆனதைப் பொறுக்க முடியாமல், ஓய்விலிருந்த ஜெப்ரீஸை மறுபடி அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4-ல் ரீனோ நகரில் ஜான்சன் அவரையும் வீழ்த்தினார். அன்று இரவு அமெரிக்காவின் பல ஊர்களில் கருப்பர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் பலியாயின.

ஜான்சன் ஏன் மறுத்தார்?

கருப்பர் ஒருவர் சாம்பியன் ஆகிவிட்டார். இனி லாங்போர்டுக்கும் சந்தர்ப்பம் வரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? வரவில்லை.

இவர்கள் இருவரும் முன்பே ஒரு தடவை மோதியிருக்கிறார்கள். 1906 ஏப்ரல் 26-ல், பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள செல்சியில் 15 ரவுண்டு சண்டை. லாங்போர்டைவிட ஜான்சன் சுமார் 30 பவுண்டு எடை கூடுதல். ஜான்சன் தெளிவாக வென்றார். அதில் லாங்போர்டு ஜான்சனைத் தரையில் சாய்த்தார் என்று பிற்பாடு ஒரு கதை பரவியது. அந்தக் கதை நமக்கு வேண்டாம். லாங்போர்டின் பெருமைக்கு இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சண்டையில் லாங்போர்டு நின்ற நிலையை ஜான்சன் மறக்கவில்லை. ஆஸ்திரேலியா புறப்படும் முன், பட்டம் கிடைத்தால் லாங்போர்டோடு மோதுவதாக லண்டன் கிளப் ஒன்றுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பட்டம் கிடைத்ததும் வாக்குக் காற்றில் போயிற்று. 1909 மே மாதத்தில் லாங்போர்டு லண்டன் சென்று, பிரிட்டிஷ் ஹெவி வெயிட் சாம்பியன் ஹேக் என்பவரை 4-வது ரவுண்டில் படுக்க வைத்தார். அதற்குப் பிறகும் ஜான்சன் அசையவில்லை. லாங்போர்டு ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் மக்கின்டோஷும் இந்தச் சண்டையை ஏற்பாடு செய்ய முயன்றார். அதுவும் கைகூடவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜிம் பிளின் என்று ஒரு வெள்ளை வீரர். 1908-ல் லாங்போர்டு அவரை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். 1910-ல் மறுபடி மோதி 8-வது ரவுண்டில் வீழ்த்தினார். 1912 ஜூலை 4-ல் ஜான்சனோடு பட்டத்துக்கு மோதும் சந்தர்ப்பம் கிடைத்தது யாருக்கு? இரண்டு தடவை விழுந்த பிளினுக்கு! வீழ்த்தியவர் வாசலில் நின்றார்; விழுந்தவர் உள்ளே போனார்.

1908 முதல் 1915 வரை சாம்பியனாக இருந்த ஜான்சன், பட்டத்தைப் பணயம் வைத்து ஒரே ஒரு கருப்பு வீரரோடுதான் மோதினார். 1913 டிசம்பரில் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்பவரோடு நடந்த அந்தச் சண்டை சமமாக முடிந்தது. லாங்போர்டுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

காரணம் என்ன? ஜான்சன் கோழை அல்ல. வெறி பிடித்த கூட்டத்தின் நடுவே தனியாக நின்று வென்றவர் அவர். அரசாங்கமே அவரை வழக்குப் போட்டு வேட்டையாடியது. நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. அவர் போட்டது சந்தைக் கணக்கு. இரண்டு கருப்பர்கள் மோதினால் வெள்ளையர்கள் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கமாட்டார்கள் என்பது பந்தய முதலாளிகளின் அபிப்பிராயம். வருமானம் குறைவு, ஆபத்தோ அதிகம். லாங்போர்டைப் போல ஆபத்தானவர் வேறு யாரும் இல்லை. இதே பணத்துக்குப் பிளினை அடிக்கலாமே!

இங்கே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறக்கோட்டைக் கிழித்தவர்கள் வெள்ளை முதலாளிகள். ஆனால் அதைத் தாண்டி மேலே போன கருப்பரையும் அதற்குக் காவல் நிற்கும்படி சந்தை செய்துவிட்டது. வெறுப்பு போட்ட பூட்டுக்கு லாபம் இன்னொரு பூட்டுப் போட்டது. ஒருவர் மேலே ஏறியதால் கோடு அழிந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கூண்டுக்குள் சண்டை

ஜான்சனை வெல்ல ஆள் கிடைக்காத நேரத்தில், 'வெள்ளையர்களின் ஹெவி வெயிட் சாம்பியன்' என்று ஒரு புதுப் பட்டத்தையே உண்டாக்கினார்கள். 1914 தொடக்கத்தில் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர் கன்போட் ஸ்மித். 1913-ல் பாஸ்டனில் அவர் லாங்போர்டைப் புள்ளியில் வென்றிருந்தார். 1914-ல் மறுபடி மோதியபோது லாங்போர்டு அவரை 3-வது ரவுண்டில் வீழ்த்தினார். அதற்காக லாங்போர்டுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை.

கருப்பு வீரர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே! பெரிய வெள்ளை வீரர்கள் ஒதுங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்? தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். ஹாரி வில்ஸ் என்ற மகா பலசாலியோடு லாங்போர்டு குறைந்தது 17 தடவை மோதினார். ஜோ ஜெனட், சாம் மக்வீ ஆகியோரோடும் ஒவ்வொருவரோடு பத்துத் தடவைக்கு மேல். இந்த நால்வரும் உலகத்தின் தலைசிறந்த ஹெவி வெயிட் வீரர்கள். இவர்களில் ஒருவருக்கும் ஹெவி வெயிட் பட்டத்துக்கு மோத ஒரு தடவைகூடச் சந்தர்ப்பம் தரப்படவில்லை. ஒரே கூண்டில் அடைபட்டு, ஒருவர் உடம்பை ஒருவர் உடைத்துக்கொண்டு, வயிறு கழுவினார்கள்.

வில்ஸ் லாங்போர்டைவிட உயரம், எடை, இளமை எல்லாவற்றிலும் மேல். மொத்தத்தில் வில்ஸ் பக்கமே வெற்றி அதிகம். ஆனால் அந்த வில்ஸையும் 1914-ல் ஒரு தடவை, 1916-ல் ஒரு தடவை லாங்போர்டு எழுந்திருக்க விடாமல் வீழ்த்தினார். 1916-ல் அது நடந்தது 19-வது ரவுண்டில்! அத்தனை நேரம் அடி வாங்கிய பிறகும் அந்தக் கையில் பலம் மிச்சம் இருந்தது.

ஜாக் டெம்ப்சி 1919-ல் சாம்பியன் ஆனவர். மூர்க்கத்துக்குப் பெயர் போனவர். அவரே தம் வாழ்க்கை வரலாற்றில், தாம் மோத அஞ்சிய ஒரே மனிதர் லாங்போர்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். தாம் வளர்ந்துவந்த இளம் வயதில் அவரோடு மோத அழைப்பு வந்ததாகவும், மோதினால் தாம் நசுங்கியிருப்போம் என்று தெரிந்தே மறுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். டெம்ப்சி சாம்பியனாக இருந்த ஏழு வருடமும் ஹாரி வில்ஸ் வாசலில் காத்திருந்தார். அந்தக் கதவும் திறக்கவில்லை. 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதற்குப் பிறகு ஒரு கருப்பர் ஹெவி வெயிட் பட்டத்துக்கு மோதியது 1937-ல், ஜோ லூயிதான். நடுவில் 22 வருடம்! ஒரு தலைமுறையே வாசலில் நின்று கிழடு தட்டிப்போயிற்று.

கண் போன பிறகு

1917-ல் பிரட் புல்ட்டன் என்ற நெட்டை வீரரோடு பாஸ்டனில் மோதியபோது லாங்போர்டின் கண்ணில் பலத்த அடி. அதிலிருந்து பார்வை மங்கத் தொடங்கியது. நிறுத்திவிடலாம் அல்லவா? நிறுத்தினால் சோறு யார் போடுவார்கள்? குத்துச்சண்டைக்காரருக்குப் பென்ஷன் கிடையாது, நஷ்டஈடு கிடையாது. உடம்பே மூலதனம், அது தேய்ந்தால் அவ்வளவுதான். ஆகவே பார்வை போன நிலையிலும் சண்டை போட்டார்.

1922-ல் அட்லாண்டாவில் டைகர் பிளவர்ஸ் என்ற இளம் வீரரோடு மோதினார். எதிரில் நிற்பவர் நிழலாகத்தான் தெரிந்தார். அப்படியும் 2-வது ரவுண்டில் அவரை வீழ்த்தினார். அந்தப் பிளவர்ஸ் யார் தெரியுமா? 1926-ல் மிடில் வெயிட் உலக சாம்பியன் ஆனவர். அந்த வகையில் முதல் கருப்பு சாம்பியன். 1923-ல் மெக்சிகோ சென்று அந்நாட்டு ஹெவி வெயிட் பட்டத்தையும் லாங்போர்டு வென்றார். 1926-ல் சண்டை அடியோடு நின்றது. பிறகு கண்ணும் முழுதாகப் போயிற்று. உலகம் அவரை மறந்தது.

1944-ல் ஆல் லேனி என்ற நியூயார்க் பத்திரிகை நிருபர் அவரைத் தேடிக் கிளம்பினார். செத்துப்போயிருப்பார் என்று பலர் சொன்னார்களாம். கடைசியில் கருப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், ஒரு இருட்டறையில், கண் தெரியாத ஏழைக் கிழவராக அவரைக் கண்டுபிடித்தார். லேனி எழுதிய கட்டுரையைப் படித்த ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதிலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை அவருக்குக் கிடைத்துவந்தது. கசப்பில்லாமல் சிரித்துப் பேசினார் என்றே லேனி எழுதினார். 1956 ஜனவரி 12-ல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு முதியோர் காப்பகத்தில் காலமானார். 1990-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தின் முதல் வரிசையிலேயே அவர் பெயர் சேர்ந்தது.

காசு அனுப்பிய சாதாரண ஜனங்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் நெஞ்சில் ஈரம் இருந்தது. ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். கை பலமாக இருந்தபோது உரிமை கேட்டார், மறுத்தார்கள். கண் போன பிறகு தர்மம் கொடுத்தார்கள். தர்மம் எவ்வளவு பெரிதானாலும் கூலி பாக்கி தீராது. அவர் சிரித்துப் பேசினார் என்பதற்காகவும் அது தீராது. கடன்பட்டவன் வந்து, 'கடன் கொடுத்தவரே சிரிக்கிறாரே, இனி என்ன பாக்கி?' என்று கேட்க முடியுமா?

கணக்கு என்ன சொல்கிறது?

தோழர்களே, கடைசியாகக் கணக்கை முடிப்போம்.

பட்டத்துக்கு மோதியிருந்தால் லாங்போர்டு நிச்சயம் ஜான்சனை வென்றிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். 1906-ல் தோற்றார். ஜான்சன் தற்காப்பில் மகா நிபுணர். வென்றிருக்கலாம், தோற்றும் இருக்கலாம். அந்த விடையை ஒருவரும் அறிய முடியாமல் செய்துவிட்டார்களே, அதுதான் குற்றம். ஒரு தொழிலாளி தன் திறமையைக் காட்டவே இடம் தராமல் வைத்துவிட்டு, 'நீ செய்து காட்டவில்லையே' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நிச்சயமாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. லைட் வெயிட் சாம்பியனை வென்றவர், தம்மைவிட உயரமும் எடையும் மிகுந்த ஹெவி வெயிட் வீரர்களையும் வீழ்த்தினார். சாம்பியன்களும் சாம்பியன் ஆகப்போகிறவர்களும் அவரைத் தவிர்த்தார்கள். தவிர்த்ததை அவர்களில் ஒருவர் வாய்விட்டே ஒப்புக்கொண்டார். கண் தெரியாமலே ஒரு வருங்கால சாம்பியனைச் சாய்த்தார். இவை பதிவான உண்மைகள். இவற்றோடு ஒப்பிட்டால் பட்டம் ஒரு தோல் பட்டைதான்.

அவர் விட்டுச்சென்றது இரண்டு. ஒன்று, அந்தக் குத்தின் புகழ். அதைப் பத்திரிகைகள் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று நமக்கு உரியது. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் இருக்கிற பெயர்களை மட்டும் படிக்காமல், அதை எழுதியவர் யார், வாசலில் நிறுத்தப்பட்டவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்ற பாடம் அது. 'தோல்வி காணாதவர்' என்று ஒருவரைச் சொன்னால், யாரோடெல்லாம் மோதினார் என்று கேளுங்கள். 'தகுதி இல்லாததால் கிடைக்கவில்லை' என்று ஒருவரைச் சொன்னால், தகுதியைச் சோதிக்க இடம் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

சாம் லாங்போர்டுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பாக்கி இன்னும் கணக்கில் நிற்கிறது. அந்தப் பட்டத்தை இனி யாரும் அவர் கையில் கொடுக்க முடியாது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும். நீங்கள் இங்கிருந்து போனதும் இந்தக் கதையை இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.